காவேரிக்குத் தெரியாமல் ஒரு ஹார்மோன்

இந்த ஜென்மத்தில் ஒரு காரியத்தையாவது காவேரிக்குத் தெரியாமல் செய்து முடிப்பது என்று சபதம் எடுத்தேன். காவேரி என் மனைவி. நான் மாதேஸ்வரன். மாரண்டஹள்ளியில் தக்காளி விவசாயம். வயது நாற்பத்தேழு.

ஒரு வருடமாக உடம்பில் தெம்பே இல்லை. ஏழரைக்குச் சாப்பாடு, ஏழே முக்காலுக்குக் குறட்டை. பேசிப் பேசியே அடுப்பில் பாலைப் பொங்க விட்டவர்கள் நாங்கள். இப்போது அவள் டிவி சீரியலோடு பேசுகிறாள். அவள் சிரிப்புக்கு ஏங்கிப் போய்விட்டேன்.

தருமபுரி டாக்டர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"டெஸ்டோஸ்டிரோன் கம்மிங்க. தொப்பையக் குறைங்க, நடங்க, நல்லாத் தூங்குங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். வீட்டம்மாகிட்டயும் சொல்லிடுங்க."

சொல்வதா? ஆண்மை ஹார்மோன் குறைந்துவிட்டது என்று நானே என் வாயால் அவளிடமா? ரிப்போர்ட்டை உர மூட்டைக்கு அடியில் ஒளித்தேன். மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன்.

"எங்கங்க இந்நேரத்துல?"

"தக்காளிக்குத் தண்ணி வுட."

"செடியத்தான் போன வாரமே புடுங்கிட்டமே!"

"மண்ணு காயக் கூடாதில்ல?"

பாவம், நம்பிவிட்டாள். தினமும் ஊரைச் சுற்றி நாலு கிலோமீட்டர் நடந்தேன். வழியில் ஒரு டீக்கடை. அங்கே ஒரே ஒரு போண்டா. டாக்டர் போண்டாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வீட்டிலும் எனக்கு நேரம் நன்றாக இருந்தது. டீயில் சர்க்கரை தீர்ந்து போனது, தீர்ந்தே இருந்தது. சோறு போய்க் களி வந்தது. ஏழரை மணி ஆனால் கேபிள் தானாக நின்றது. எல்லாம் தீர்த்தமலை ஈஸ்வரன் செயல் என்று கும்பிட்டுக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டில் ஹார்மோன் ஏறியிருந்தது. துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். காவேரி வாசலில் நின்றாள்.

"ஏறிட்டுதுங்களே!"

"எது?"

போனை நீட்டினாள். அதில் என் ரிப்போர்ட்.

"லேப்புல நம்பர் கேட்டதுக்கு யாரு நம்பரச் சொன்னீங்க?"

ரேஷனுக்கு அவள் நம்பர். கேஸுக்கு அவள் நம்பர். வாய் பழகிப் போய் ரத்தத்துக்கும் அதையே சொல்லியிருக்கிறேன்.

"அப்ப மொத ரிப்போர்ட்டு?"

"அன்னிக்கே வந்துட்டுது. நீங்களா சொல்லுவீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன். வழியில மயக்கம் கியக்கம் வந்துட்டா என்னா பண்றதுன்னு தெனமும் பின்னாலயே நடந்து வந்தேன்."

மூன்று மாதமாக யாருக்காக ஏங்கினேனோ, அவள் ஐம்பதடி பின்னால்தான் வந்திருக்கிறாள்.

"கூப்பிட்டிருக்கலாமே, காவேரி."

"ஒரு நாளாச்சும் திரும்பிப் பாப்பீங்கன்னு நெனச்சேன். பாத்திருந்தா அந்தப் போண்டாவுல பாதியாச்சும் எனக்குக் கெடச்சிருக்குமுங்க."