மாப்பிள்ளை பேன்ட்டைத் தின்ற பாட்டரி

ஜெனி, சாம், இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். செல்போனில் சார்ஜ் நிறைந்த பிறகும் வயரைக் கழற்றாமல் விட்டால், அப்பா ஏன் வீடு பற்றி எரிகிற மாதிரி ஓடி வருகிறார் என்று கேலி செய்கிறீர்கள். "போனே நிறுத்திக்கும்பா, உனக்கு இன்னா பயம்?" என்கிறாய் சாம். இருக்கலாம். என்னிடம் இருந்த பழைய மோட்டார் சைக்கிள் நிறுத்திக்கொள்ளவில்லை. அந்தக் கதையை அம்மா பலமுறை சொல்லத் தொடங்கியிருக்கிறாள். பாதியிலேயே சிரிப்பு வந்துவிடுவதால் இதுவரை முடித்ததில்லை. முழுசாக நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமான புதுசு. படாளத்தில் வாடகைக்கு இருந்தோம். என் வண்டியை எனக்கு முன்னால் பல பேர் வைத்திருந்து, ஒருவர் தலையில் ஒருவர் கட்டித் தப்பித்திருந்தார்கள். (எனக்குப் பிறகு யாரும் ஏமாறவில்லை.) ஹாரனை அழுத்தினால் சளி பிடித்த ஆடு செருமுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். இண்டிகேட்டர் ஒரு தடவை கண்ணைத் திறக்கும், பிறகு தூங்கிவிடும். பாட்டரியில் சார்ஜ் நிற்கவே இல்லை.

நான் பத்தாவது படித்தவன். வீட்டுக்கு ஒயரிங் செய்யத் தெரியும். அதனால் வண்டி ஒயரிங்கும் தெரியும் என்று எனக்கு நானே சர்டிபிகேட் கொடுத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கவாட்டு மூடியைக் கழற்றி உட்கார்ந்தேன். உள்ளே ரெகுலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அது என்ன செய்யும் தெரியுமா? இன்ஜின் சுற்றும்போது மின்சாரம் உண்டாகும். வேகமாகச் சுற்றினால் அதிகமாக உண்டாகும். பாட்டரிக்குத் தேவையான அளவை மட்டும் விட்டு, மிச்சத்தைப் போகவிடாமல் பிடித்துக்கொள்வது ரெகுலேட்டர். நம் தெருக்குழாயில் குடம் நிரம்பியதும் எட்டிக் குழாயை மூடுவீர்களே, அந்த வேலை.

எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. 'பாட்டரிக்குப் போகிற சார்ஜை நடுவில் நின்று தின்கிற திருடன் இவன்தான்' என்று தோன்றியது. திருடனின் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

(உண்மையில் பாட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்ததைச் சுரண்டிவிட்டு ஸ்குரூவை இறுக்கியிருந்தாலே போதும். அது தெரிந்தது ரொம்ப நாள் கழித்து.)

மறுநாள் ஹாரன் அடித்தேன். எதிர்வீட்டுக்காரர் லாரி வருகிறது என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். ஹெட்லைட் பகல் மாதிரி எரிந்தது. உங்கள் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

"எப்படி கீது?"

"கண்ணு கூசுது. இன்னா பண்ணீங்க?"

"கம்பெனிக்காரன் பண்ண தப்ப சரி பண்ணேன்."

பல்பு அடிக்கடி வெடித்தது. பல்பு தரம் சரியில்லை என்றேன். வண்டி பக்கத்தில் போனால் புளித்த வாடை வந்தது. சாக்கடை சரியில்லை என்றேன். பாட்டரி கொதித்து, உள்ளே இருக்கிற ஆசிட் சின்ன டியூப் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தது எனக்குத் தோன்றவே இல்லை.

இந்த நிலையில்தான் எட்வின் மாமாவின் கல்யாணம் வந்தது. உங்கள் அம்மாவின் தம்பி. அவர்கள் வீட்டில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் அவன். உங்கள் தாத்தா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர், தோளில் துண்டு போட்டுக்கொண்டு நிறைய இடங்களுக்குள் போக முடியாத காலத்தைப் பார்த்தவர். பெண் வீட்டார் கல்பாக்கம் பக்கம் குடியிருப்பில் இருந்தார்கள். எல்லோரும் ஆபீஸ் உத்தியோகம். அவர்கள் முன்னால் ஒரு குறையும் தெரியக்கூடாது என்று எட்வின் கோட்டும் பேன்ட்டும் தைக்கக் கொடுத்தான். சந்தன நிறம், நல்ல காட்டன். அந்த வீட்டுக்கே அதுதான் முதல் கோட்டு.

நம் சர்ச் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு உடுத்திவிட்டு, கோயிலில் பக்கத்தில் நிற்பது அக்கா புருஷனின் வேலை. அதனால் துணியை வாங்கிவரும் பொறுப்பும் என்னுடையது. செங்கல்பட்டு டெய்லர் சொன்ன நாளில் தராமல், கல்யாணத்தன்று காலையில்தான் தந்தார். கோயிலோ மாமல்லபுரம் தாண்டிக் கடற்கரையில்.

கோட்டு கசங்கக்கூடாது. ஆகவே அதை நானே போட்டுக்கொண்டேன். பேன்ட்டை மடித்து மஞ்சள் பையில் வைத்து, வண்டியின் இடப்பக்கம், புடவை சிக்காமல் இருக்கப் போடுகிற கம்பியில் மாட்டினேன். பாட்டரிக்கு நேர் கீழே. இதைவிடச் சரியான இடத்தைத் திட்டம் போட்டாலும் கண்டுபிடிக்க முடியாது.

திருக்கழுக்குன்றம் வழியாகப் பறந்தேன். வேர்வையில் நனைந்தபடி, கோட்டுப் போட்டுக்கொண்டு, லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போன என்னைப் பார்த்து ஒரு டிராபிக் போலீஸ்காரர் பாதி சல்யூட் வைத்துவிட்டு, வண்டியைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார். நான் முறுக்க முறுக்க, இடப்பக்கம் பாட்டரியும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையில் எட்வின், தென்னை மரப் படம் போட்ட அரை டவுசரோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"எங்க மாமா போன? பொண்ணு வூட்டு காரு வந்துகினு கீதாம்!"

"வந்துட்டேன் இல்ல? நீ ஏன் பேஜாராவுற?"

கோட்டைக் கழற்றி அவனுக்கு மாட்டினேன். கச்சிதம். அம்மா பையிலிருந்து பேன்ட்டை எடுத்தாள்.

"இன்னாங்க, ஈரமா கீது?"

"கடல் காத்து. அயர்ன் பண்ணா காஞ்சிடும்."

அந்த யோசனையும் என்னுடையதுதான். அம்மா இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தாள். புளிப்பு வாடையோடு புகை வந்தது. பின்பக்கம் முழுவதும் தோசை முறுகுகிற மாதிரி பழுப்பாகிக்கொண்டே வந்தது. பதறிப்போய்த் தட்டினாள். தட்டிய இடம் உதிர்ந்து கீழே விழுந்தது. தூக்கிப் பிடித்தாள். உட்காரும் இடத்தில் துணியே இல்லை. அந்த வழியாக எட்வினின் முகம் முழுசாகத் தெரிந்தது.

அவன் கத்தியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

"மொத மொத தெச்ச கோட்டு மாமா. அவுங்கெல்லாம் பாப்பாங்க" என்றான். அவ்வளவுதான்.

நாலு பேர் பார்க்கப் போவதை நினைத்துத்தான் அவன் டெய்லர் கடைக்கு அத்தனை தடவை நடந்தான். அவன் இவ்வளவு நாள் எதைப் பற்றிப் பயந்தானோ, அதையே நான் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருந்தேன்.

உங்கள் அம்மா மெதுவாகத் திரும்பி என் இடுப்புக்குக் கீழே பார்த்தாள். நான் கருப்புப் பேன்ட் போட்டிருந்தேன்.

"கழட்டு."

என்னிடம் 'ங்க' போடாமல் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. கழற்றினேன்.

எட்வின் என்னைவிடக் குள்ளம். பேன்ட் தரையைப் பெருக்கியது. அம்மா அவனைப் பெஞ்சின் மேல் நிற்க வைத்து, காலடியில் உட்கார்ந்து, ஓரத்தை மடித்துத் தைத்தாள். கருப்பு நூல் இல்லை. மணப்பெண்ணின் முக்காட்டுக்கு வைத்திருந்த வெள்ளை நூல்தான் கிடைத்தது. வெளியே கார் ஹாரன் கேட்டது. நான் தென்னை மர டவுசருக்குள் நுழைந்துவிட்டு, பிரியாணி அண்டா பக்கம் ஒளிந்துகொள்ளக் கிளம்பினேன்.

"எங்க போற?" என்றான் எட்வின்.

"இப்டியே எப்டிடா உள்ள வர்றது?"

"நீ பக்கத்துல நிக்கலன்னா நான் தாலி கட்ட மாட்டேன். போயி எதனா போட்டுகினு வா."

சுவரில் பாடகர் குழுவின் நீளமான வெள்ளை அங்கி ஒன்று தொங்கியது. அதை எடுத்து மாட்டிக்கொண்டேன். கணுக்கால் வரை பரிசுத்தம், உள்ளே தென்னந்தோப்பு.

பக்கத்திலேயே நின்றேன். தாலி கட்டி முடிந்ததும் பெண் வீட்டுப் பாட்டியம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, முழங்கால் வலி தாங்கலை, ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றார். நான் போதகர் இல்லை என்று சொன்னால், பிறகு யார் என்று சொல்ல வேண்டியிருக்கும். கண்ணை மூடி ஜெபித்தேன். பாதி அவர் முழங்காலுக்கு, மீதி அங்கியைக் காற்று தூக்கிவிடாமல் இருக்க.

பெண்ணின் பெரியப்பா எட்வினை மேலும் கீழும் பார்த்தார்.

"கோட்டு சந்தனம், பேன்ட் கருப்பு. இப்ப இதுதான் பேஷனோ?"

"ஆமாங்க. மெட்ராஸ்ல இப்ப எல்லாம் இதான்" என்றான் எட்வின், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

"நல்லாத்தான் இருக்கு. எடுப்பா இருக்கு."

அதற்குப் பிறகு படாளம் பக்கத்தில் கொஞ்ச காலத்துக்கு எந்த மாப்பிள்ளையைப் பார்த்தாலும் சந்தனக் கோட்டும் கருப்புப் பேன்ட்டும்தான். யாருக்கும் காரணம் தெரியாது. நம் சொந்தத்தில் இன்றைக்கும் விசேஷம் என்றால் எனக்கு வருகிற முதல் போன், "மாமா, நீ பஸ்ஸுல வரியா, வண்டில வரியா?" என்பதுதான். வண்டி என்று சொன்னால், "அப்ப துணிமணிய நாங்களே எடுத்துகினு வந்துடறோம்" என்று வைத்துவிடுவார்கள்.

மறுவாரம் எட்வின் அந்தப் பேன்ட்டைத் துவைத்து, மடித்துக் கொடுத்தனுப்பினான். அம்மா கடைக்குப் போயிருந்தாள். மறுபடி என் அளவுக்கு இறக்கிவிடலாம் என்று பிளேடை எடுத்துக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்தேன். ஓரத்தைத் திருப்பினேன். கருப்புத் துணியில் வெள்ளைத் தையல், அவசரத்தில் போட்டது, கோணல் மாணலாக ஓடியது. முதல் தையலை அறுத்தேன்.

பிறகு பிளேடைக் கீழே வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய் வெள்ளை நூலும் ஊசியும் தேடி எடுத்துவந்து, அது எட்வின் அளவிலேயே இருக்கட்டும் என்று அறுத்த இடத்தில் முடிச்சுப் போட்டேன்.