குட்டிக்கு அம்மா ஞாபகம்

வந்து ஒரு மணி நேரமாகியும் குட்டி வாசற்கதவை விட்டு நகரவில்லை. கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் முனகிக்கொண்டே இருந்தது. பால் வைத்தார்கள், திரும்பிப் பார்க்கவில்லை. பந்தை உருட்டினார்கள். பந்து போய் அதன் மேல் முட்டி நின்றது. குட்டி பந்தை ஒரு தரம் அலுப்போடு பார்த்துவிட்டு மறுபடி கதவைப் பார்த்தது.

"அம்மா ஞாபகம்," என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

பதின்மூன்று வருஷமாக ஊராருக்கெல்லாம் கண் சோதித்து மூக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர் அவர். எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் பத்தடி தூரத்திலிருந்து படித்துக் காட்டுவார். நாய் வளர்த்த அனுபவம் மட்டும் கிடையாது.

"எனக்கு அம்மா ஞாபகமும் தெரியாது, ஆட்டுக்குட்டி ஞாபகமும் தெரியாது," என்றார் அவர் மனைவி. பெண்கள் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியை. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. அதுக்குள்ள இந்த வீட்டுல அது ஒழுங்கா அடங்கி இருக்கணும். இல்லேன்னா எங்கேருந்து வந்துச்சோ அங்கேயே திரும்பிப் போகணும்."

அன்று வெள்ளிக்கிழமை. சொன்ன கையோடு ஒரு வெள்ளைத்தாளில் 'குறைகள்' என்று தலைப்பெழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனாவையும் தொங்கவிட்டார்.

மூத்த மகளுக்கு ஒன்பது வயது. இரண்டு வருஷமாக நாய் வேண்டும் நாய் வேண்டும் என்று கேட்டு, போன மாதம் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அவள் கேட்டபோதெல்லாம் தாக்குப்பிடித்த அப்பாவுக்கு, அவள் நிறுத்தியதைத்தான் தாங்க முடியவில்லை. யார் யாரிடமோ விசாரித்து, ஒரு நர்ஸ் வீட்டில் குட்டிகள் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்லிவைத்தார். நன்றாக வளர்ந்தாலும் பூனையைவிடப் பெரிதாகாத ஜாதி என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தார்.

இவர் போனபோது நர்ஸ் ஏதோ பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். அவருடைய கணவர் போனில் யாருடனோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டிப் பின்னறையைக் காட்டினார். அங்கே கூடையில் வெள்ளை வெளேரென்று, சுருள் சுருளாக முடியோடு உட்கார்ந்திருந்தது. கூடையோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மகள் நூலகத்திலிருந்து எடுத்து வந்த 'நாய்க்குட்டி வளர்ப்பு' புத்தகத்தைப் புரட்டினாள். "அப்பா, இதுல போட்டிருக்கு. புதுசா வந்த குட்டி தாயோட சூட்டைத் தேடும். வெந்நீர்ப் பையைத் துண்டுல சுத்திப் பக்கத்துல வைக்கணுமாம்."

வைத்தார். குட்டி அதை முகர்ந்து பார்த்தது. காலால் புரட்டியது. பிறகு பல்லால் கவ்வி உதறியது. கூடத்தின் கம்பளம் முழுக்க வெந்நீர்.

தலைமையாசிரியை வந்து ஈரத்தைப் பார்த்தார்.

"இது குட்டி பண்ணினது இல்ல," என்றார் கணவர் அவசரமாக. "வெந்நீர்ப் பை."

"பழியைப் பை மேல போடாதீங்க."

சிவப்புப் பேனாவில் முதல் குறை ஏறியது.

"பட்டினியா இருந்தா எப்படி மனசு ஒட்டும்?" என்று அடுத்த யோசனைக்குப் போனார் அவர். பரணில் தேடி, சின்ன மகள் குடித்த பழைய பால் புட்டியை எடுத்துக் கழுவி, வெதுவெதுப்பாகப் பால் ஊற்றி, குட்டியை மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டு வாயில் வைத்தார். குட்டி அவரை நிமிர்ந்து பார்த்தது. கடையில் எழுபது வயதுக்காரரிடம் பொம்மை போட்ட கண்ணாடிச் சட்டத்தை நீட்டினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி.

குட்டி குடிக்கவில்லை. ஆனால் இரண்டரை வயதுச் சின்னவள் பார்த்துவிட்டாள்.

"என் பாட்டி," என்றாள். புட்டியைத்தான் அவள் அப்படிச் சொல்வாள்.

இரண்டு மாதம் அழுது, புரண்டு, மறந்த புட்டி. அந்தப் போராட்டத்தைத் தலைமை தாங்கி நடத்தியவர் தலைமையாசிரியை. அவர் வந்து பார்த்தபோது சின்னவள் புட்டியும் வாயுமாக சோபாவில் சாய்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யார் குடுத்தது?"

"குட்டிக்குத்தான் குடுத்தேன். நடுவுல கைமாறிடுச்சு."

இரண்டாவது குறையை அவர் கொஞ்சம் அழுத்தியே எழுதினார்.

சனிக்கிழமை காலையில் குட்டி வாசற்கதவைப் பிறாண்ட ஆரம்பித்தது.

"திறக்காதீங்கப்பா," என்றாள் மூத்தவள், பக்கத்தைப் புரட்டியபடி. "அது அடம். பின்வாசல்ல பேப்பர் விரிச்சு, அதுலதான் எல்லாம் பண்ணணும்னு பழக்கணும்."

பேப்பர் விரித்தார். குட்டியைத் தூக்கி அதன் நடுவில் வைத்தார். குட்டி இறங்கிப் போய் மறுபடி வாசற்கதவைப் பிறாண்டியது. தூக்கி வைத்தார். இறங்கிப் போனது. பதினோராவது தடவை அவருக்கு ஒரு எண்ணம் தோன்றியது.

"அதுக்குப் புரியல. செஞ்சு காட்டணும்."

வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு பேப்பர் மேல் நாலு காலில் நின்றார். ஒரு காலைத் தூக்கினார்.

"அப்பா, இது பொண்ணு," என்றாள் மகள். "காலைத் தூக்காது. உக்காரும்."

"சொல்றதை முன்னாடியே சொல்ல மாட்டியா?" என்று உட்கார்ந்தார்.

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த மேல்வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "ஏதாவது தொலைஞ்சு போச்சா சார்?"

"இல்லைங்க. பேப்பர் படிக்கிறேன்."

"ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிக்கக் கூடாதா? நீங்களே கடை வெச்சிருக்கீங்க."

அந்த நேரத்தில் தலைமையாசிரியை பள்ளிக்குப் போக வாசற்கதவைத் திறந்தார். குட்டி வெளியே பாய்ந்தது. சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, காரியத்தை முடித்து, பின்காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

தலைமையாசிரியை பேப்பர் மேல் உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தார். "யாரு யாரைப் பழக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். குறை எழுதவில்லை. அதுவே பெரிய வெற்றியாகக் கணவருக்குப் பட்டது. அந்தத் தெம்பில்தான் மத்தியானம் தன் மிகப்பெரிய யோசனைக்கு வந்து சேர்ந்தார்.

"அம்மாவைத்தானே தேடுது? அம்மா வந்துட்டா?"

குளியலறை வாசலில் போட்டிருந்த வெள்ளைப் பஞ்சு மிதியடிகள் இரண்டையும் எடுத்து முதுகில் கட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவே ஒருக்களித்துப் படுத்தார். கண்ணை மூடிக்கொண்டு, சின்னவளுக்குப் பாடிய தாலாட்டை மெதுவாக முனகினார்.

குட்டி கதவை விட்டு எழுந்தது.

மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். குட்டி அவரைச் சுற்றி வந்து முகர்ந்தது. பிறகு அவர் காதுக்குப் பின்னால் நக்க ஆரம்பித்தது. ஒரு காது, இன்னொரு காது, நெற்றி, மூக்கு. விட்டுப்போன இடம் இல்லாமல் நக்கி முடித்து, அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்தபடி சுருண்டு படுத்தது. முனகல் நின்றுவிட்டது.

"என்னை அம்மாவா ஏத்துக்கிச்சு," என்றார். "அசையாதே. தாலாட்டு நிக்கக் கூடாது."

தாலாட்டு இரண்டாவது சுற்றுக்கு வந்தபோது, பரீட்சை அட்டவணை போடுவதற்காக இரண்டு ஆசிரியைகளோடு தலைமையாசிரியை உள்ளே வந்தார். மூவரும் வாசலிலேயே நின்றார்கள். மிதியடி கட்டிய மனிதர் படுத்தபடியே கும்பிட்டார்.

"சார் கண்ணாடிக்கடைதானே வெச்சிருக்கார்?" என்றார் அவர்களில் இளையவர்.

ஆசிரியைகள் போனபிறகு சிவப்புப் பேனா எழுதும் சத்தம் கேட்டது.

"இது குட்டிக்கா, எனக்கா?" என்று கேட்டார் அவர்.

"உங்களுக்குத்தான். குட்டி ஒழுங்காத்தான் படுத்திருந்துச்சு."

ஒட்டுதல் வந்துவிட்டது, ஆனால் அதோடு புதிய தொல்லையும் வந்தது. சாயங்காலத்திலிருந்து வீட்டில் காலுறைகள் காணாமல் போக ஆரம்பித்தன. ஜோடியாகப் போனால்கூடப் பரவாயில்லை, ஒற்றை ஒற்றையாகப் போயின. பிறகு சின்னவளின் கரடிப் பொம்மை போனது. முயல் போனது. மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்ன அறையில்தான் குட்டியின் கூடை. போய்ப் பார்த்தால் எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. குட்டி அவற்றை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தது. கரடியை எடுக்கக் கையை நீட்டிய தலைமையாசிரியையைப் பார்த்து உறுமியது.

"திருட்டு, அப்புறம் உறுமல்," என்று அவர் இரண்டாகப் பிரித்து எழுதினார்.

"பல் முளைக்கிற வயசு," என்றாள் மகள், புத்தகத்தைத் தூக்கிக் காட்டி. தாளில் இடம் குறைந்துகொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடிக் கடைக்காரர் கடைசி ஏற்பாட்டைச் செய்தார். சாயங்காலம் ஆறு மணி வரை குட்டி எதையும் தொடாமல் இருந்துவிட்டால் போதும். படிக்கீழ் அறை வாசலில் நான்கு நாற்காலிகளைக் குறுக்கே அடுக்கி அடைத்தார். காலுறைகளையும் பொம்மைகளையும் உள்ளேயே விட்டுவிட்டார். குட்டி ஒரு மணி நேரம் ஊளையிட்டது. பிறகு திடீரென்று ஓய்ந்தது.

"பழகிடுச்சு," என்றார் பெருமையாக.

பத்து நிமிஷம் கழித்துத் தலைமையாசிரியை கேட்டார். "சின்னவ எங்கே?"

மாடியில் இல்லை. குளியலறையில் இல்லை. கட்டிலுக்கடியில் இல்லை. வாசற்கதவு ஒருச்சாய்த்துத் திறந்திருந்தது. தலைமையாசிரியை வெறுங்காலோடு தெருவுக்கு ஓடினார். மேல்வீட்டம்மா ஈரக்கையோடு இறங்கி வந்து தெருக்கோடி வரை போய்ப் பார்த்தார். மூத்தவள் தங்கையின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே அழுதாள். கண்ணாடிக் கடைக்காரர் சுற்றுச்சுவர் ஓரமாகச் செடி செடியாகத் தேடினார். வீட்டுக்குள் திரும்பி ஓடி வந்தவர் நாற்காலி ஒன்றில் இடித்துக்கொண்டு நின்றார்.

உள்ளேயிருந்து சின்னதாக ஒரு குறட்டை கேட்டது.

நாற்காலிகளின் கால்களுக்கு நடுவே இரண்டரை வயசு நுழையுமளவு இடம் இருந்தது. குனிந்து பார்த்தார். காலுறைகளுக்கும் கரடிக்கும் முயலுக்கும் நடுவே சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். புட்டி ஒரு மூலையில் அனாதையாகக் கிடந்தது. அவள் முகமெல்லாம் நக்கிச் சுத்தமாகப் பளபளத்தது. குட்டி அவளைச் சுற்றி அரைவட்டமாகப் படுத்து, பின்கழுத்துச் சட்டையைப் பல்லால் மெதுவாகப் பிடித்திருந்தது, ஓடிவிடாமல்.

தலைமையாசிரியை வந்து பார்த்தார். நாற்காலிகளை ஒன்றொன்றாகச் சத்தமில்லாமல் எடுத்து வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு மணி நேரம் தோள்ல போட்டு நடந்தாத்தான் தூங்குவா," என்றார். "புட்டிகூட இல்லாம..."

குட்டி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. பிறகு, நீயும் வா என்பதுபோல, எட்டி அவர் முழங்கையை ஒரு தடவை நக்கியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தாள் கிழிபடும் சத்தம் வந்தது.

"மணி இன்னும் ஆறாகலையே," என்றார் கணவர் ஜாக்கிரதையாக.

"பேசாம இருங்க. குட்டி பாஸ்."

மூத்த மகள் சத்தம் போடாமல் குதித்தாள். தூங்குகிற தங்கை எழுந்துவிடக் கூடாது. பிறகு அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவர் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அன்று மத்தியானம் முழுக்க என்ன பெயர் வைப்பது என்று மூன்று பேரும் சண்டை போட்டார்கள். அப்படிச் சந்தோஷமாகச் சண்டை போட்டு அந்த வீட்டில் வெகுநாளாகியிருந்தது. சாயங்காலம் குட்டி வெயில் விழுந்த இடமாகப் பார்த்துப் படுத்திருந்தது. கண்ணாடிக் கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, வாங்கின கெட்ட பெயரெல்லாம் மறந்து, தாலாட்டை வாசல்வரை கேட்கும்படி பாடிக்கொண்டிருந்தார்.

அழைப்புமணி அடித்தது.

வாசலில் நர்ஸ் நின்றுகொண்டிருந்தார். கையில் பயணப் பை, தோளில் மூட்டைபோல மடித்த ஒரு சால்வை, முகமெல்லாம் வியர்வை.

"மன்னிச்சுக்கோங்க சார். ஊர்லேருந்து இப்பதான் வந்தேன், வந்த கையோட ஓடி வரேன். என் வீட்டுக்காரரை நம்பி விட்டுட்டுப் போனது என் தப்பு. போனைக் காதுலேருந்து எடுத்தாத்தானே மனுஷன் திரும்பிப் பார்ப்பார்? மூணு நாளா பக்கத்துலேயே இருந்திருக்கார். என்னடா இவ்வளவு எளைச்சுப் போச்சேன்னு ரெண்டு வேளை சோறு அதிகமா வெச்சாராம்."

"எது எளைச்சுப் போச்சு?" என்றார் தலைமையாசிரியை.

உள்ளே படுத்திருந்தது சட்டென்று எழுந்தது. அப்படி ஒரு ஓட்டத்தை அந்த மூன்று நாளில் அவர்கள் பார்த்ததில்லை. நர்ஸின் காலடியில் போய் நின்று, பின்காலில் எம்பி எம்பிச் சால்வையை எட்டப் பார்த்தது.

நர்ஸ் குனிந்து சால்வையைப் பிரித்தார். உள்ளங்கையளவுக்கு ஒரு வெள்ளைச் சுருள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கொட்டாவி விட்டது.

"இதுதான் சார் உங்க குட்டி. நீங்க மூணு நாளா வெச்சுக்கிட்டு, தாலாட்டு பாடிட்டு இருக்கறது இதோட அம்மாவுக்கு."