உள்ளே இருப்பது மாணிக்கவல்லி

ஒரு காட்டில் ஒரே ஒரு குளம்தான் மிச்சமிருந்தது. அந்த வருஷக் கோடை அப்படி. ஓடை வற்றியது, சுனை வற்றியது, எல்லா விலங்குகளும் அந்த ஒரு குளத்தங்கரையில் வந்து முட்டிக்கொண்டன. யானை குடித்துவிட்டுப் போனால் முயலுக்குச் சேறுதான். தினமும் அடிதடி. பொறுத்துப் பார்த்த காட்டுச் சபை, குளத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் விட்டு, அந்த வாசலில் ஒரு கணினியை வைத்தது. சுற்றுலா வந்த யாரோ மறந்துவிட்டுப் போன கணினி அது.

வாசலில் நின்று பெயரைச் சொல்லி, ரகசியச் சொல்லைக் கணினியின் காதோடு காதாகச் சொன்னால் கதவு திறக்கும். அவரவர் துறையில் அவரவர் உடம்புக்கு ஏற்ற தண்ணீர் வரும். காட்டெருமைக்கு ஒரு தொட்டி, நரிக்கு ஒரு கொட்டாங்கச்சி. குடித்து முடித்ததும் அதே வாசலுக்கு வந்து ரகசியச் சொல்லோடு ‘லாக் அவுட்’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

கணினியைக் கவனித்துக்கொள்ளத் திருஞானம் என்ற ஆந்தையை நியமித்தார்கள். ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது. அதனால்தான் அந்த வேலையே கிடைத்தது. கண்ணால் பார்க்கிறவன் ஆள் பார்த்து நடந்துகொள்வான் என்று சபை பயந்தது. உள்ளே பதிந்திருப்பதைக் கணினியே ஆந்தையின் காதில் படித்துச் சொல்லிவிடும்.

காட்டெருமை மாணிக்கவல்லி அப்போதுதான் கன்று ஈன்றிருந்தாள். கன்றை வேலிக்கு வெளியே ஒரு வேங்கை மர நிழலில் விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க வருவாள். ஒருநாள் பாதி குடித்துக்கொண்டிருக்கும்போது கன்று அலறியது. சேற்றுக்குழியில் விழுந்திருந்தது. தாய்க்கு வாசல் எங்கே, வரிசை எங்கே? நேராக முள்வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடினாள். கன்றைத் தூக்கி நிறுத்தி நக்கித் துடைத்தாள். லாக் அவுட் என்ற சொல் அவள் நினைப்பிலேயே இல்லை.

இதை எல்லாம் சிங்காரம் என்ற நரி பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைய கொட்டாங்கச்சியை அது முன்பே குடித்துவிட்டது. தாகம் மட்டும் போகவில்லை. மெதுவாக வேலி ஓட்டைக்குள் நுழைந்து மாணிக்கவல்லியின் துறையில் போய் நின்றது.

“வாங்க மாணிக்கவல்லி அம்மா. உங்க பங்கு இன்னும் பாதி இருக்கு” என்றது கணினி.

சிங்காரத்துக்கு ஒரு கணம் வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு தண்ணீர் வந்தது. குடித்தது, குளித்தது, வாலை ஊறவைத்தது. மறுநாளும் தொட்டி நிறையத் தண்ணீர் வரும் என்று தெரிந்ததும் அங்கேயே படுத்துக்கொண்டது. சாப்பாட்டுக்குக் கரையில் நண்டு இருந்தது. காலையில் வேலியைப் பராமரிக்கும் காட்டுப்பன்றிகள் வந்து வேலி ஓட்டையை அடைத்துவிட்டுப் போயின.

அதற்குப் பிறகுதான் மாணிக்கவல்லி வாசலுக்கு வந்தாள். கதவு திறக்கவில்லை.

“திருஞானம் ஐயா, கதவு ஏன் தெறக்க மாட்டேங்குது?”

“பேரைச் சொல்லுங்க.”

“மாணிக்கவல்லி.”

ஆந்தை கணினியைத் தட்டியது. “மாணிக்கவல்லி உள்ளே இருக்காங்க.”

“நான் இங்கேதானே நிக்கிறேன்?”

“அம்மா, இங்கே ரெண்டு அட்டவணை இருக்கு. ஒண்ணுல இப்ப யார் உள்ளே இருக்காங்கன்னு வெறும் எண் மட்டும். இன்னொண்ணுல எந்த எண் யாருக்குன்னு பேரும் இனமும். இதுல இருக்கிற எண்ணைப் பிடிச்சுக்கிட்டு அதுல போய்த் தேடினா ஆள் கிடைச்சிடும். கன்னுக்குட்டிய அவிழ்த்துவிட்டா தாய்கிட்டதானே போய் நிக்கும்? அது மாதிரி. தேடிட்டேன். உள்ளே இருக்கிறது மாணிக்கவல்லி, காட்டெருமை.”

“அது நரிங்க! எட்டிப் பாருங்க, வால் தெரியுது!”

“பார்க்கிறது என் வேலை இல்லம்மா. எனக்குப் பார்வையும் இல்லை. அது கிடக்கட்டும், நேத்து யாரோ வேலிய உடைச்சிருக்காங்க. கண்டுபிடிச்சா காட்டை விட்டே துரத்தணும். உங்களுக்குத் தெரியுமா?”

மாணிக்கவல்லிக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. “நான்தாங்க உடைச்சேன்” என்றாள்.

ஆந்தை மறுபடி தட்டிப் பார்த்தது. “நீங்களா இருக்க முடியாது. நீங்கதான் வெளியவே வரலையே.”

“சரி, உள்ளே இருக்கிற என்னை லாக் அவுட் பண்ணி விடுங்க.”

“அதை நீங்கதான் செய்யணும். லாகின் பண்ணி உள்ளே போய்ச் செய்யுங்க.”

வேலியோரமாகப் போய் நரியைக் கூப்பிட்டாள். “சிங்காரம், பால் நின்னுபோச்சுப்பா. கன்னு வத்திப்போய்க் கிடக்கு. வெளிய வந்துடு.”

நரி தண்ணீரிலிருந்து தலையை மட்டும் தூக்கியது. “அக்கா, கேட்கவே கஷ்டமா இருக்கு. ஆனா வெளிய வந்தா நான் நரி. நரிக்குக் கொட்டாங்கச்சி. நீங்க என் இடத்துல இருந்தா வருவீங்களா?”

“நீதானே இப்ப என் இடத்துல இருக்கே!”

நரி தண்ணீருக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

மாணிக்கவல்லி ஓடைப்படுகையில் குளம்பால் மணலைப் பறித்து ஈரத்தை நக்கினாள். கன்றுக்கும் நக்கக் கற்றுக்கொடுத்தாள். அப்படியே நாட்கள் போயின. கன்றின் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

இந்த நிலையில்தான் புலி வந்தது.

குளத்திலேயே யாரும் குடியேறிவிடக் கூடாது என்பதற்காகச் சபை ஒரு விதி வைத்திருந்தது. அளவுக்கு மீறி உள்ளே தங்குகிறவரைப் புலி தின்னலாம். மற்ற யாரையும் புலி தொடக்கூடாது. நரிக்கும் இந்த விதி தெரியும். ‘பேர் அவளுது. புலி வந்தாலும் அவளைத்தான் தேடும்’ என்று நிம்மதியாக இருந்தது.

பசியில் வயிறு ஒட்டிப்போயிருந்த புலி வாசலில் உட்கார்ந்து, “திருஞானம், இன்னைக்காவது யாராச்சும் உண்டா?” என்று கேட்டது.

“ஒருத்தர் இருக்காங்க ஐயா. மாணிக்கவல்லி, காட்டெருமை. ரொம்ப நாளா வெளியே வரலை.”

காட்டெருமை என்றதும் புலிக்கு வாயில் எச்சில் ஊறியது. உள்ளே போய்த் துறையைப் பார்த்தது. அங்கே நனைந்த நரி ஒன்று நடுங்கிக்கொண்டு நின்றது.

“ஐயா, நான் நரி! மாணிக்கவல்லி வேலிக்கு வெளிய நிக்குது பாருங்க!”

புலி தயங்கியது. போன வருஷம் கண்ணை நம்பி, மான் என்று நினைத்துச் சபைத் தலைவரின் மைத்துனரைத் தின்றுவிட்டு அது பட்ட பாடு கொஞ்சமல்ல. “திருஞானம், இன்னொரு தடவை பாரு” என்றது.

ஆந்தை பார்த்தது. “அதே எண்தான் ஐயா. மாணிக்கவல்லி. காட்டெருமை.”

“பொய்! நான் சிங்காரம்! வேணும்னா என் ரகசியச் சொல்லைக் கேளுங்க. ‘பௌர்ணமி நண்டு’! ‘பௌர்ணமி நண்டு’! போட்டுப் பாருங்க!” என்று நரி காடு அதிரக் கத்தியது.

“முதல்ல இதுல இருந்து லாக் அவுட் பண்ணணும். மாணிக்கவல்லியோட ரகசியச் சொல் என்ன?” என்றது ஆந்தை.

நரிக்கு அது தெரியாது. வேலிப் பக்கம் ஓடி வந்து முள்ளில் மூக்கை வைத்து அழுதது. “அக்கா! நீங்க பொய்யே சொல்ல மாட்டீங்க. காடு பூரா தெரியும். நீங்கதான் மாணிக்கவல்லின்னு சொல்லிடுங்க அக்கா!”

புலி வேலிக்கு வெளியே திரும்பிப் பார்த்தது. “ஏம்மா, நீ யாரு?”

உண்மையைச் சொன்னால் தண்ணீர் கிடைக்கும். குடிக்கத்தான் மாணிக்கவல்லி இருக்க மாட்டாள். காலுக்கு நடுவில் கன்று வெற்று மடியை முட்டிக்கொண்டிருந்தது. நரியின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

“நான் யாருன்னு நானும் பல நாளா வாசல்ல கேட்டுக்கிட்டேதாங்க இருக்கேன். மாணிக்கவல்லி உள்ளே இருக்காங்கன்னுதான் சொல்றாங்க” என்றாள்.

புலி பெருமூச்சு விட்டது. “கோடையில காட்டெருமைகூட எப்படி இளைச்சுப்போச்சு பாரு” என்று சொல்லிக்கொண்டே வேலையை முடித்தது.

ஆந்தை மாணிக்கவல்லியின் பெயரை இரண்டு அட்டவணையிலிருந்தும் நீக்கியது. ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று வாசலில் எழுதிப் போட்டது. அதைப் படித்துவிட்டு மாணிக்கவல்லி வெகுநேரம் அங்கேயே நின்றாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கணினி அருகே போனாள்.

“பேரைச் சொல்லுங்க” என்றது ஆந்தை.

“சிங்காரம்.”

பிறகு கணினியின் காதோடு, “பௌர்ணமி நண்டு” என்றாள்.

கதவு திறந்தது.

“வாங்க சிங்காரம்! ரொம்ப நாளா ஆளையே காணோமே? தினப்பங்கு எடுக்காம விட்டதுல நிறையச் சேர்ந்து கிடக்கு. மொத்தமா விடட்டுமா?” என்றது ஆந்தை.

“விடுங்க ஐயா” என்றாள். அன்று அவள் குடித்த குடி வாசல் வரைக்கும் கேட்டது. ஆந்தைக்கும் கேட்டது. நரிக்கு இவ்வளவு பெரிய தொண்டையா என்று ஒரு சந்தேகமும் வந்தது. அட்டவணையைப் பார்த்துத் தெளிந்துகொண்டது.

சாயங்காலம் மடியில் பால் இறங்கியது. கன்று குடித்துவிட்டு வாயைத் துடைக்காமல் கேட்டது. “அம்மா, நாம நரியா?”

“குளத்துக்கிட்ட மட்டும்.”

அன்று மிஞ்சியதையும் தினக் கொட்டாங்கச்சியையும் வைத்து மழை வரும்வரை ஒப்பேற்றினாள். மழை பெய்து ஓடையில் தண்ணீர் போனதும் சபை முரசு அறைந்தது. அட்டவணையில் பெயர் விட்டுப்போனவர்கள் யாராவது இருந்தால் வந்து திரும்பப் பதிந்துகொள்ளலாம் என்று சொன்னார்கள். மாணிக்கவல்லி கன்றை அழைத்துக்கொண்டு வாசல் வரை போனாள். வாசலுக்குப் பக்கத்தில் புலி உட்கார்ந்து, அட்டவணையில் புதிதாக யார் சேர்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது.

சிங்காரம் என்ற பேரில் வந்துபோகும் அவளைப் பார்த்ததும், “யாரு, சிங்காரமா? நல்லா கொழுத்துட்டியேப்பா. கொம்புகூட முளைச்சிருக்கு. ஒரு காட்டெருமை அளவுக்கு இருக்கே” என்று பசியோடு சொன்னது.

“எல்லாம் மழைதாங்க” என்றாள் அவள்.

“அது சரி. நமக்குத்தான் கொடுத்துவைக்கலை” என்று புலி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மாணிக்கவல்லி கன்றோடு திரும்பி, ஓடைக்கரையில் தளிர்த்திருந்த புல்லைப் பார்க்க நடந்தாள்.

நீதி: ‘நீ யார்?’ என்று எவராவது கேட்டால் உண்மையையே சொல்லுங்கள். ஆனால் கேட்பது தண்ணீர் கொடுக்கவா, தின்னவா என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.