கடல் கடந்து வரவேண்டிய ‘சரி’

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

சம்பந்தி என்று இன்னும் எழுதலாமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். ‘ஐயா’ என்று ஆரம்பித்தால் வேலை கேட்டு விண்ணப்பம் போடுவதுபோல் இருக்கிறது. ‘அன்புள்ள’ என்றால் தாங்கள் அங்கேயே கிழித்துவிடுவீர்கள். ஆகையால் வாய்க்குப் பழகியதையே எழுதிவிட்டேன், பொறுத்தருளவும்.

இங்கு அனைவரும் நலம், என் இடது முழங்கால் நீங்கலாக. அங்கு தாங்களும் தங்கள் வீட்டுக்காரம்மாவான என் தங்கச்சியும் சுகம் என்றும், அன்று மண்டபத்தில் உச்சிக்கு ஏறிய தங்கள் ரத்த அழுத்தம் இதற்குள் இறங்கி வந்திருக்கும் என்றும் நம்புகிறேன். தொலைபேசியில் என் குரல் கேட்டதுமே தாங்கள் வைத்துவிடுவதால், கடிதத்தை அப்படி வைக்க முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். கிழிக்கலாம்தான். கிழிப்பதற்கு முன் ஒரு தரம் கடைசிவரை படித்துவிடவும்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை ஏன் வரவில்லை, என் மகள் ஏன் பாதியில் எழுந்து ஓடினாள் என்பதற்கு விளக்கம் சொல்லவே இக்கடிதம். முதலில் ஒன்று. ராணுவ ரகசியம் எதையும் நான் எழுதப்போவதில்லை. என் மகள் விமானப்படைத் தளத்தில் மென்பொருள் எழுதுகிறாள் என்றாலும் வீட்டில் வாயைத் திறப்பதில்லை, திறந்தாலும் எனக்குப் புரிவதில்லை, ஆகவே ரகசியம் என்னிடம் பத்திரமாகவே இருக்கிறது. இதில் உள்ளதெல்லாம் செய்தித்தாளில் வந்ததும், தங்கள் மகன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னதும்தான். ஆமாம், இங்கேதான் சாப்பிட்டார். அதற்கும் வருகிறேன்.

தங்கள் மகன் ஓட்டுகிற போர் விமானம் நம்முடையது என்றுதானே நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். இறக்கையில் நம் கொடி இருக்கிறது, உள்ளே உட்காருவது நம் பிள்ளை, எரிபொருள் நம்முடையது. ஆனால் ஒவ்வொரு முறையும் கிளம்புவதற்கு முன்னால் அந்த விமானம் கடலுக்கு அப்பால் அதை விற்ற கம்பெனியின் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு, “நான் கிளம்பட்டுமா?” என்று கேட்குமாம். அங்கிருந்து ‘சரி’ என்று வந்தால்தான் எஞ்சின் உறுமும். வராவிட்டால் அது வெறும் இரும்பு, மேலே துணி காயப்போடலாம். நான் பேருந்துப் பணிமனையில் மேஸ்திரியாக இருந்தவன். தினமும் விடியற்காலையில் பஸ் கம்பெனிக்குப் போன் போட்டு, ‘ஐயா, பன்னிரண்டாம் நம்பர் வண்டியை வெளியே எடுக்கட்டுமா, டிரைவர் குளித்துவிட்டார்’ என்று கேட்டிருந்தால் எந்த ஊர் ஜனம் வேலைக்குப் போயிருக்கும்? வண்டியை வாங்கின பிறகு சாவி நம்ம இடுப்புல இருக்கணுமா வேணாமா, நீங்களே சொல்லுங்க சம்பந்தி.

நிச்சயதார்த்தத்துக்கு முன்தினம் மாப்பிள்ளை வேறொரு தளத்துக்கு வேலையாகப் போயிருந்தார். காலையில் பறந்து வந்துவிட்டால் முகம் கழுவி, சட்டை மாற்றி, மண்டபத்துக்கு வந்துவிடலாம் என்று கணக்கு. அவர் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டாயிற்று. திரையில் வந்தது ‘சரி’ இல்லை. ‘தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, காத்திருக்கவும்’ என்று வந்தது. காத்திருந்தார். தளபதி அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரே பாட்டு. நடு நடுவே ஒரு பெண் குரல், ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்’ என்கிறது. முக்கியம்னா எடுக்க வேண்டியதுதானே? ஒரு வழியாக ஒருவர் எடுத்து, மிகவும் மரியாதையாக, பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டிருக்கிறார். பயிற்சி, ரோந்து, போர், மற்றவை, இதில் ஒன்றைச் சொல்லவும் என்றாராம். நம்ம தளபதி நல்ல மனுஷன், பொய் வராது. “பையனுக்கு நிச்சயதார்த்தங்க” என்று சொல்லியிருக்கிறார். அது ‘மற்றவை’யில் விழுந்தது. ‘மற்றவை’க்குத் தனியாக ஒரு குழுவாம். அந்தக் குழு விடுமுறையில் போயிருக்கிறதாம். செய்தித்தாள்காரன் வேறு மாதிரி எழுதினான். அவர்கள் கூப்பிட்ட ஏதோ கூட்டத்துக்கு நம் அமைச்சர் போகாததால் அவர்களுக்குக் கோபம், அதனால்தான் எல்லா விமானத்துக்கும் ‘சரி’ நின்றது என்கிறான். எது நிஜமோ. விருந்துக்கு வரலைன்னு கோவிச்சுக்கிட்ட ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரிதான் நாடுகளும் இருக்கு போல.

அன்று அத்தனை விமானங்களும் தரையில் நின்றன. அந்த நேரம் பார்த்து எதிரி வந்திருந்தால்? ‘கொஞ்சம் உட்காருங்க, காபி சாப்பிடுங்க, அவங்க லீவு முடியட்டும்’ என்றா சொல்வது?

இப்போது மண்டபத்துக்கு வருகிறேன். என் மகள் பட்டு உடுத்தி, தலை வாரி, எங்கள் குடும்பத்தில் இப்படியும் ஒரு முகமா என்று நானே வியக்கும்படி உட்கார்ந்திருந்தாள். விமானமெல்லாம் நின்றுவிட்டது, உடனே வா என்று தளத்திலிருந்து அழைப்பு வந்தது. “அப்பா, கோவிச்சுக்காதீங்க, நான் போயே ஆகணும்” என்றாள். மாப்பிள்ளையை ஊர்வலமாகக் கூட்டிவர நாம் பூ வைத்து ஜோடித்திருந்த காரிலேயே ஏறிப் போய்விட்டாள். தளத்து வாசலில் காவல்காரர் காரைப் பார்த்துவிட்டு, “கல்யாண மண்டபம் அந்தப் பக்கம்மா” என்று திருப்பி அனுப்பப் பார்த்தாராம். இங்கே மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் இனிப்பைத் தின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். அப்போதுதான் தாங்கள் எழுந்தீர்கள்.

பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து, ‘விசில் சார்’ என்று ஊர் முழுக்கப் பேர் வாங்கிய தங்களுக்கு அன்று விசில் தேவைப்படவில்லை. நாற்காலிகளை எடுக்கப் போன ஆட்களைப் பார்த்து, “நில்லு!” என்று ஒரு சத்தம் போட்டீர்கள் பாருங்கள். ஆட்கள் நின்றார்கள். சமையல்காரரின் கரண்டி நின்றது. யாரோ ஒரு குழந்தையின் அழுகை நின்றது. உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றேன், ஏனென்று இன்றுவரை தெரியவில்லை. “பொண்ணும் இல்ல, பையனும் இல்ல. நிச்சயம் யாருக்கு, எனக்கும் உமக்குமா?” என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. தாங்கள் கிளம்பிப் போனீர்கள்.

தாங்கள் போன பிறகு சாயங்காலம், ரொட்டி ஏற்றிவந்த ஒரு வேனில் இடம் பிடித்து, பறக்கும் உடுப்போடு தங்கள் மகன் வந்து இறங்கினார். உடம்பெல்லாம் ரொட்டி வாசனை. என் மகளும் திரும்பி வந்தாள். மடக்கி அடுக்கிய நாற்காலிகளில் ரெண்டை விரித்துப் போட்டு உட்கார்ந்து, இருந்த சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். ஆசையாக ஏதாவது பேசுவார்கள் என்று நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவர் கேட்டார், “உங்க குழு எழுதுற மென்பொருள் எந்த அளவுல இருக்கு?” அவள் சொன்னாள், “கிட்டத்தட்ட முடிஞ்சாச்சு. ஆனா அதுல பறந்து பார்க்க ஒருத்தர் வேணும்.” அவர் சொன்னார், “நான் பறக்கறேன்.” அவ்வளவுதான் சம்பந்தி, அதுதான் அவர்களுடைய நிச்சயதார்த்தம். மோதிரம் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது.

என் மகளின் குழு வருஷக்கணக்காக எழுதிவருவது இதுதான். இனி விமானம் கடல் தாண்டிக் கேட்காது. எண்ணெய், காற்று, சக்கரம், இறக்கை எல்லாவற்றையும் தானே உள்ளுக்குள் சரிபார்த்துவிட்டு, தானே நம் மொழியில் ‘சரி’ என்று வாய்விட்டுச் சொல்லும். அப்புறம் கிளம்பும். கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. தங்களுக்கு உடம்பு எரிந்தது என்று தங்கச்சி மூலம் அறிந்தேன். “ஊர் பேர் தெரியாத கம்பெனி எழுதினதுல பறந்தான், சரி. கட்டிக்கப் போறவ எழுதினதுல பறக்கணுமா? வீட்டுலயும் அவ பேச்சு, வானத்துலயும் அவ பேச்சா?” என்று கேட்டீர்களாம்.

தாங்கள் அறியவேண்டிய உண்மை, வானத்தில் கேட்கப்போவது அவள் பேச்சு இல்லை. அவள் அம்மாவின் பேச்சு.

பதற வேண்டாம், விளக்குகிறேன். பழைய மென்பொருளில் எச்சரிக்கை சொன்னவள் ஒரு வெளிநாட்டுப் பெண். புதியதற்கு நம் குரல் ஒன்று தேவைப்பட்டது. என் மனைவி அடுப்படியில் நின்று கூப்பிட்டால் தெருக்கோடியில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும், ஆகவே மகள் அவளை அழைத்துப்போனாள். ஒலிப்பதிவு அறையில் இவள் பண்ணிய கூத்தைக் கேளுங்கள். தாளில் ‘ஏறு’ என்று இருந்தால், “மேல ஏறுப்பா, பார்த்துப்பா” என்கிறாள். “எழுதியிருக்கறத மட்டும் படிம்மா” என்று மகள் கெஞ்சுகிறாள். கடைசியில் விமானம் ஓடத் தொடங்கும்போது சொல்ல வேண்டிய வார்த்தை வந்தது. ‘போகலாம்’ என்று எழுதியிருந்தது. என் மனைவி தாளைக் கீழே வைத்துவிட்டாள். “வெளிய கிளம்புற பிள்ளைகிட்ட போன்னு சொல்ற வாய் எனக்கு இல்ல. போயிட்டு வான்னுதான் சொல்லுவேன். இல்லன்னா வேற ஆளைப் பாருங்க” என்றாள். அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். ஒரு சொல்லுக்கு விட்ட இடத்தில் இது அடங்கவில்லை, மகள் இரண்டு நாள் உட்கார்ந்து இடம் பெரிதாக்கினாள். ஆக, இனி விமானம் ஓடுபாதையில் ஓடும்போது மாமியார், “போயிட்டு வா” என்பார். அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரி ஒரு நாளாவது நம்ம பிள்ளையைத் திரும்பி வரச் சொல்லியிருப்பாளா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை எங்களிடம் தீர்த்துச் சொல்லிவிட்டார்: “எங்க அப்பா மனசார சரின்னு சொல்லாம நான் அந்த விமானத்துலயும் ஏறமாட்டேன், கல்யாணமும் பண்ணிக்கமாட்டேன். ரெண்டுக்கும் அவர் சொல்லணும்.” நல்ல பிள்ளை வளர்த்திருக்கிறீர்கள், இந்த நேரத்தில் கொஞ்சம் குறைவாக நல்ல பிள்ளையாக இருந்திருக்கலாம். என் மகளோ தட்டில் சோறு ஆறிப்போவது தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒரே மகள் சம்பந்தி. அவள் முகம் வாடினால் எனக்கு வீட்டில் விளக்குப் போட்டும் வெளிச்சம் தெரியவில்லை. அவள் எழுதியதில் பிழை இருக்குமோ என்று தாங்கள் பயப்படுவது புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் கம்பெனிக்குத் தங்கள் மகன் ‘மற்றவை’. இவளுக்கு அவர் அப்படியா? ஒரு வரி எழுதினால் ஒன்பது தரம் பார்க்கிறாள்.

ஆகவே நடந்தவற்றுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு, தங்கள் காலில் விழாத குறையாக (முழங்கால் மடங்காது) வேண்டிக்கொள்கிறேன். கோபத்தை மறந்து, மனமிரங்கி, தாங்கள் சம்மதம் தரவேண்டும். தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் இருவரும் நீண்ட ஆயுளோடும், பிறர் கையை எதிர்பாராமலும், பூமியிலும் ஆகாயத்திலும் நன்றாக இருக்க வேண்டும் என்று மனம் நிறைந்து வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் தங்கள் சம்பந்தியாகவே இருக்க விரும்பும்,
பெண்ணின் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மகள் ஓடிவந்து விஷயம் சொன்னாள். மேலே எழுதியது அத்தனையும் வீண், மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இன்று தரையில் இருக்கும் மாதிரி விமானத்தில் விமானிகளை உட்காரவைத்துச் சோதனை பார்த்தார்களாம். திரையில் எதிரே மலை வருகிறது. என் மனைவி குரல், “ஏறுப்பா, மேல ஏறுப்பா” என்கிறது. எல்லாப் பிள்ளைகளும், “இதோம்மா, ரெண்டு நிமிஷம்மா” என்று சொல்லிவிட்டு, செய்துகொண்டிருந்த வேலையையே தொடர்ந்து செய்து, ஒருவர் பாக்கியில்லாமல் மலையில் மோதினார்கள். தங்கள் மகன், “சாப்பிட்டுட்டேம்மா” என்று பதில் சொல்லிவிட்டு மோதினார். பிறகு அவரே, நிச்சயதார்த்தத்தில் யாரோ கைபேசியில் எடுத்த வீடியோவைக் கொண்டுவந்து தங்கள் ‘நில்லு’வைப் போட்டுக் காட்டினார். அறையில் இருந்த அத்தனை விமானிகளும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தளபதி எழுந்து நின்றாராம். ஆகவே எச்சரிக்கையெல்லாம் தங்கள் குரலில்தான் என்று முடிவாகிவிட்டது. விமானத்துக்கு ‘நில்லு’ உதவாது, ‘ஏறு’ என்று சொல்லவேண்டும் என்பதால் தாங்கள் நேரில் வரவேண்டும். வியாழக்கிழமை காலை தங்கள் வாசலுக்கு விமானப்படை வண்டி வரும். என் மனைவிக்கு வருத்தம்தான், ஆனால் ‘போயிட்டு வா’வை மட்டும் விட்டுத்தரமாட்டேன் என்று வாங்கிக்கொண்டாள்.

தாங்கள் சொல்லவேண்டிய வார்த்தைகளின் தாளை மகள் காட்டினாள். எல்லாவற்றையும் தாங்கள் வழக்கம்போல் சத்தம் போட்டே சொல்லலாமாம். முதல் வார்த்தையை மட்டும் நிதானமாக, மனசாரச் சொல்லவேண்டுமாம், விமானம் கிளம்புவதே அதைக் கேட்டுத்தான். அந்த வார்த்தை ‘சரி’. மாப்பிள்ளை பக்கத்தில் நிற்பார், என் மகளும் நிற்பாள், மோதிரத்தோடு நானும் நிற்பேன். ஒரே ஒரு தரம் சொன்னால் போதும் சம்பந்தி, ரெண்டுக்கும் எடுத்துக்கொள்கிறோம்.