கோழிக்கூட்டில் பாதிக் கார்

கோழிகளுக்கு வேறு இருப்பிடம் பார்த்துக் கொடுக்காமல் காரின் பொனற்றைத் தொட விடமாட்டேன் என்று ஆழ்வாப்பிள்ளை வேலியடியில் நின்று திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்.

கேதீஸ்வரனுக்கு அழுகை வராத குறை. பொனற் என்றால் ஏதோ ஒரு தகரத்துண்டு என்று நினைத்துவிடக் கூடாது. ட்ரயம்ப் என்கிற அந்த இங்கிலாந்துக் காருக்கு முன்பக்கம் முழுவதும் ஒரே மூடிதான். மட்கார்ட், லைற்றுக் குழி எல்லாம் சேர்ந்து ஆமையோடு மாதிரி ஒரேயடியாகக் கழன்று வரும். சண்டைக் காலத்தில் அது பக்கத்து வீட்டு ஆழ்வாப்பிள்ளை குண்டுக்குப் பதுங்க வெட்டிய பங்கருக்குக் கூரையாகப் போனது. சண்டை முடிந்து பங்கரைத் தூர்த்த பிறகு, இவ்வளவு நல்ல கூரையை ஏன் வீணாக்குவான் என்று அவர் அதைக் கோழிக்கூட்டின் மேல் கவிழ்த்துவிட்டார். லைற்றுக் குழிகள் இரண்டும் கோழிகள் போய்வர வாசலாகவும் வாய்த்துவிட்டன.

கார், கேதீஸ்வரனின் மனைவி உதயகலாவின் சித்தப்பா தம்பிராசாவுடையது. அவர்கள் குடியிருந்த வீடும் அவருடையதுதான். வாலிப வயதில் உரும்பிராய்ச் சந்தியையே கலக்கிய அந்தச் சிவப்புக் காரை, இரண்டே பேர் இருக்கக்கூடிய கூரை இல்லாத காரை, கொட்டிலில் விட்டுவிட்டு அவர் லண்டனுக்குப் போனவர். கலியாணம் முடித்த கையோடு வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கேதீஸ்வரனிடம் வந்தது. அவன் ஓடு மாற்றினான், கிணறு இறைத்தான், மாதுளையும் தோடையும் நட்டான். வருடங்கள் போகப் போக அது தன் வீடு இல்லை என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று. காரை மட்டும் அவன் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அங்கே அதிகம் மிச்சமும் இல்லை, ஊரில் ஆளுக்கொரு துண்டாகக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

ஆனால் தம்பிராசா மாமா ரெலிபோன் எடுத்தால் முதலில் கேட்பது காரைத்தான். மனுசரின் சுகம் எல்லாம் அதற்குப் பிறகு.

"ஓம் மாமா, வெள்ளிக்கு வெள்ளி ஸ்டார்ட் பண்ணி, கற்பூரமும் காட்டிப்போட்டுத்தான் மற்ற வேலை" என்று கேதீஸ்வரன் ஒருநாள் அவரைச் சந்தோசப்படுத்தச் சொன்னான். ஒருநாள் சொன்னதைப் பிறகு எல்லா நாளும் சொல்ல வேண்டியிருந்தது. வீடியோவில் காட்டச் சொல்லும் நாட்களில் பார்த்து சிக்னல் போய்விடும். காரை இவ்வளவு வடிவாகப் பார்க்கிறவன் கையில் வீட்டைப் பற்றித் தனக்கென்ன கவலை என்று மாமாவும் பூரித்துப்போவார்.

இப்போது நல்லூர்த் திருவிழாவுக்கு அவரும் மாமியும் வருகிறார்களாம்.

"கார் இல்லையெண்டால் வீடும் இல்லை" என்றாள் உதயகலா. "கோண்டாவிலிலை கோபிசங்கர் வாயைத் திறந்துகொண்டு இருக்கிறான். சித்தப்பா வீட்டுத் திறப்பை அவன்ரை கையிலை குடுத்துப்போட்டுப் போவார்."

கோபிசங்கர் மாமியின் தமையன் மகன். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, சந்திக்கும்போதெல்லாம் 'உங்கடை கிணத்துத் தண்ணி நல்ல தண்ணியெல்லோ' என்று பெருமூச்சு விடுகிறவன். அவன் முகம் நினைவுக்கு வந்ததும் கேதீஸ்வரன் ஆழ்வாப்பிள்ளையின் கோழிகளைத் தன் வீட்டுப் பின்விறாந்தையில் குடிவைக்கச் சம்மதித்தான். கோழிகளுக்கு விறாந்தை பிடிக்கவில்லை. அன்றைக்கே ஹோலுக்கு வந்து, மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துக்கொண்டன.

அடுத்தது சீற். ஒன்றைக் கறையான் தின்றுவிட்டது. மற்றது சந்தி சலூனில் இருந்தது. அடைக்கலநாதனிடம் தலைமயிர் வெட்டப் போகிறவர்கள் எல்லாரும் அதில்தான் சாய்ந்திருந்தார்கள். சுகமான இருக்கை, பாதி வெட்டில் நித்திரை வந்துவிடும். கேதீஸ்வரனே பல தடவை குறட்டை விட்டிருக்கிறான். அதற்குச் சமமான கதிரை ஒன்று தந்தால் மட்டும் தரலாம் என்று அடைக்கலநாதன் கத்தரிக்கோலை ஆட்டியபடி சொன்னார். உதயகலாவின் சீதனச் செற்றிக் கதிரைகளில் ஒன்று சலூனுக்குப் போயிற்று. அவள் அன்று முழுவதும் புருசனோடு கதைக்கவில்லை. மற்றச் சீற்றுக்காகச் செற்றியில் இன்னொன்றை அவன் உரித்தபோது கதைத்தாள். அதற்குக் கதைக்காமலே இருந்திருக்கலாம்.

ஸ்ரியறிங் ஒழுங்கை முனையில் உள்ள முன்பள்ளியில் இருந்தது. பிள்ளைகள் அதை ஒரு கட்டையில் பூட்டி, கொழும்புக்கு பஸ் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை கோபிகா நல்ல பிள்ளை, மறுபேச்சில்லாமல் கழற்றிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் காலையில் பிள்ளைகள் ஒருத்தரும் பள்ளிக்கூடத்துக்குள் காலடி வைக்கவில்லை. பஸ் எங்கே என்று ஒரே அழுகை. வேறு வழி தெரியாமல் அவள் அத்தனை பேரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு கேதீஸ்வரன் வீட்டுக்கே வந்துவிட்டாள். அன்றிலிருந்து முன்பள்ளி அவன் முற்றத்தில் நடந்தது. இரண்டு பேர் இருக்கிற காரில் ஊரிலுள்ள சின்னஞ்சிறுசுகள் முழுவதும் ஏறி இருந்தன.

எஞ்சின் மட்டும் காரோடு அப்படியே இருந்தது, கழற்றித் தூக்க ஆளில்லாததால். யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர்கள் வந்து பார்த்துவிட்டு ஆளுக்கொரு தேத்தண்ணீர் குடித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கடைசியில் மயிலிட்டியில் மீன் வாங்கப் போன இடத்தில்தான் கேதீஸ்வரன் சிமியோனைப் பிடித்தான். படகு எஞ்சின் திருத்துகிறவர்.

"கார் பழக்கமோ அண்ணை?" என்று கேட்டான்.

"எஞ்சின் எண்டால் எஞ்சின்தான். தண்ணியிலை ஓடினால் என்ன, தார் றோட்டிலை ஓடினால் என்ன" என்றார் சிமியோன்.

அதற்குப் பிறகு கேதீஸ்வரனுக்கு ஒரு கிறுக்குப் பிடித்துவிட்டது. வீட்டைக் காப்பாற்றத் தொடங்கியவன் வீட்டையே மறந்துபோனான். கூட்டுறவுச் சங்கக்கடை வேலைக்கு நகமெல்லாம் கிறீசோடு போனான். துருப்பிடித்து இறுகிக் கிடந்த ஆணி ஒன்று அசைந்துகொடுத்தபோது, பரீட்சை பாஸ் பண்ணியவன் மாதிரித் துள்ளி ஓடிவந்து உதயகலாவுக்குச் சொன்னான். படகுக்கு அடிக்கிற சிவப்பைச் சிமியோன் கொண்டுவந்து அடித்தார், பெயின்ற் காயமுதல் கோழிகள் மேலே நடந்துபோயின, திரும்பவும் அடித்தார். ரேடியேற்றரைக் கழுவியபோது பாம்பு உரித்துவிட்ட செட்டை ஒன்று வந்தது. கேதீஸ்வரனுக்கு எல்லாமே திருவிழாவாக இருந்தது.

ஸ்டார்ட் பண்ணிய நாளை அவன் உயிருள்ளவரை மறக்கமாட்டான். கார் இருமியது, தும்மியது, கறுப்பாகப் பெரும் புகையொன்றைக் கக்கியது. பிறகு மயிலிட்டித் துறைமுகத்தில் வள்ளம் புறப்படுகிற சத்தத்தோடு படபடவென்று உயிர்த்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். கோழிகள் கூரைக்கு ஏறின. உதயகலா அகப்பையோடு வெளியே வந்தவள், கோபத்தை மறந்து சிரித்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்துக் கனகாலம்.

அவளையே பக்கத்தில் ஏற்றிக்கொண்டு றோட்டுக்கு விட்டான். திரும்ப வேண்டிய ஒழுங்கையைச் சந்தோசத்தில் விட்டுவிட்ட பிறகுதான் றிவேர்ஸ் கியர் விழவில்லை என்று தெரிந்தது. கோப்பாய், இருபாலை, கோண்டாவில் என்று சுற்றித்தான் வீட்டுக்கு வர வேண்டியிருந்தது. வழிநெடுகச் சனம் கடையை விட்டு வெளியே வந்து பார்த்தது. கோண்டாவிலில் கோபிசங்கர் தண்ணீர்ப் போத்தலோடு றோட்டோரம் நின்றான். உதயகலா அவனுக்குக் கை காட்டினாள், மகாராணி கணக்கில்.

றிவேர்ஸைப் பற்றிக் கேட்டதற்குச் சிமியோன் முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

"கடலிலை ஆர் தம்பி பின்னாலை போறது?" என்றார்.

மாமா சொன்ன திகதிக்கு முதலே வந்து இறங்கிவிட்டார். வான் வாசல் படலையடியில் நின்றபோது காருக்குள் முன்பள்ளி நிரம்பி வழிந்தது, ஹோலுக்குள் கோழிகள் நிறைந்திருந்தன, செற்றி இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. கேதீஸ்வரன் வெறும் மேலோடு, கையில் எண்ணெய்த் துணியோடு நின்றான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தான்.

தம்பிராசா மாமா ஒன்றையும் பார்க்கவில்லை. கைத்தடியை வானிலேயே விட்டுவிட்டுக் காரை நோக்கி நடந்தார். கோபிகா பிள்ளைகளை இறக்க, அவர் ஏறி இருந்து திறப்பைத் திருப்பினார். படபடவென்று கார் உயிர்த்தது. கிழவரின் முகத்தில் இருந்த வயதெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மருமகனைப் பக்கத்தில் ஏறச் சொன்னார். சந்திக்குப் போய், கோயிலைச் சுற்றி, சலூனடியில் அடைக்கலநாதன் வெளியே ஓடிவந்து பார்க்கும்வரை ஹோர்ன் அடித்து, காற்றில் நரைமயிர் பறக்கத் திரும்பி வந்தார். இறங்கியதும் கேதீஸ்வரனின் எண்ணெய்க் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நீ சொன்ன சொல்லுத் தவறாத பிள்ளையடா" என்றார்.

கேதீஸ்வரன் தரையில் நிற்கவில்லை. வீடு தப்பிவிட்டது. மாதுளையும் தோடையும் கிணறும் இனி ஒருத்தராலும் அசைக்க முடியாது. உதயகலாவைப் பார்த்தான், அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாமா உற்சாகமாக வான்காரரைக் கூப்பிட்டு எல்லாப் பெட்டியையும் இறக்கி உள்ளே வைக்கச் சொன்னார். பெட்டிகள் வந்தன. வந்துகொண்டே இருந்தன. தையல் மெஷின் வந்தது, சுவர் மணிக்கூடு வந்தது. திருவிழாப் பார்க்க வருகிறவர்கள் சுவர் மணிக்கூடு ஏன் கொண்டுவருவான் என்று கேதீஸ்வரனுக்கு விளங்கவில்லை.

வானுக்குள்ளேயே இருந்த மாமி மெல்ல இறங்கி வந்து, காரைச் சுற்றி ஒருதரம் நடந்து, பெரிய மூச்சொன்று விட்டார்.

"நீங்கள் ரெலிபோனிலை சொன்னதெல்லாம் முழுப் பொய்யெண்டு நம்பித்தானே தம்பி நான் இவருக்கு ஓமெண்டனான்" என்றார். "கார் ஓடினால் சாகுமட்டும் இஞ்சை இந்த வீட்டிலை இருக்கிறது, ஓடாட்டி வீட்டை உதயகலாவின்ரை பேருக்கு எழுதிப்போட்டு லண்டனுக்கே திரும்பிறதெண்டு என்ரை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணிக் கூட்டிக்கொண்டு வந்தவர், உந்தக் காரை ஆர் உங்களைத் திருத்தச் சொன்னது?"