டாக்டரம்மாவைப் பூட்டிப் போட்ட கதை

எனக்குக் கூச்சம் அதிகம். இறங்க வேண்டிய ஊர் வந்தும் கண்டக்டரிடம் சொல்ல வாய் வராமல், அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி நடந்தவள் நான். (ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.) அந்தக் கூச்சத்தால் ஒருநாள் இரண்டு உயிர் போகப் பார்த்தது.

அஞ்சாம் வகுப்போடு நின்ற என்னை, கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில், பிரசவம் பார்க்கும் டாக்டரம்மாவிடம் வேலைக்குச் சேர்த்தார்கள். அறுபதுகளின் தொடக்கம் அது. சுற்றுப்பட்டுக்கெல்லாம் அவர் ஒருவர்தான். பெருக்குவது, துணி அலசுவது, வெந்நீர் போடுவது என் வேலை.

டாக்டரம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது கைமீறிப் போய்விட்டால் உடனே அடுத்த ஆளைப் பார்க்கமாட்டார். பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பத்து நிமிஷம் கழித்து, முகம் கழுவி, நிதானமாக வெளியே வருவார்.

அன்று காலையில் ஒரு தாய் இறந்துபோனாள். ரத்தமெல்லாம் போன பிறகுதான் கொண்டுவந்திருந்தார்கள். அவளை ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பும்வரை டாக்டரம்மா வாசலிலேயே நின்றார். பிறகு, "சீனித்தாயி, பத்து நிமிஷம் யாரையும் உள்ள விடாத, என்ன?" என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனார்.

யாரையும் விடாமலிருக்க வேண்டுமென்றால், வருகிறவர்களிடம் 'இருங்க' என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்து சொல்ல வேண்டும்! அதற்குப் பதிலாக, சத்தமில்லாமல் முன்வாசல் கதவைச் சாத்தி, நாதாங்கியைப் போட்டுப் பெரிய திண்டுக்கல் பூட்டால் பூட்டினேன். வீட்டுக்கு இருந்ததே அந்த ஒரு வாசல்தான். (என்ன மூளை!) சாவியை முந்தியில் முடிந்துகொண்டு, யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்று கொல்லையில் போய் ஒளிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் மாட்டு வண்டிச் சத்தம் கேட்டது. கூடவே ஒரு பெண்ணின் அலறல். பதறி எழுந்தேன். முந்தி முடிச்சு அவிழ்ந்தது. கோடையில் எங்கள் கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சாவி ஒரு வெடிப்புக்குள் விழுந்துவிட்டது. முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். மண் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

வண்டி கொல்லைக்கே வந்துவிட்டது. வலியில் துடிக்கும் பெண், அவள் மாமியார், வண்டி ஓட்டி வந்த புருஷன். பின்னறை ஜன்னல் கம்பிக்குள் டாக்டரம்மா முகம். கண் சிவந்திருந்தது.

"கதவைத் தொறட்டி. சாவி எங்க?"

"மண்ணுக்குள்ள போயிட்டும்மா."

மாமியார் என்னைப் பார்த்தாள். "ஏட்டி, டாக்டரம்மாவ எதுக்குப் பூட்டிப் போட்டிருக்க? கடிப்பாவளா?"

டாக்டரம்மா கம்பியை இறுகப் பிடித்தார். கண்ணை மூடினார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். கண்ணைத் திறந்தபோது குரல் மாறியிருந்தது.

"அண்ணாச்சி, பக்கத்து வீட்டுல கடப்பாரை வாங்கிட்டு வாங்க. சீனித்தாயி, கொல்லை அடுப்பு வெந்நீர்ல கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. வண்டிப் பாயை விரிச்சி அவளப் படுக்க வை. மொதல்ல நீ மூச்சு விடு."

"விட்டுக்கிட்டுத்தானம்மா இருக்கேன்."

"விடல. உதடெல்லாம் வெளுத்துக் கெடக்கு. என்னைப் பாத்து விடு. மெதுவா."

அவர் மூச்சு விட்டார். நான் விட்டேன். பாயில் கிடந்தவளும் விட்டாள். மாமியாரும் விட்டாள். கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் மூவர். முன்வாசலில் கடப்பாரை இடிக்கும் சத்தம். பூட்டு அசையவில்லை.

தலை தெரிந்தது. "அவள முக்கச் சொல்லு. சத்தமாச் சொல்லு," என்றார். கண்டக்டரிடம் வாய் திறக்காத நான், "முக்கு தாயி, முக்கு!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

பிள்ளை என் கையில் விழுந்தது. அழவில்லை. டாக்டரம்மா கம்பி வழியே ஒரு வெள்ளைத் துணியை நீட்டினார். அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"வாயைத் தொடச்சி விடு. முதுகைத் தேய். நிறுத்தாத."

தேய்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிள்ளை வீரிட்டது. அதே நேரம் நாதாங்கி பிய்ந்து விழுந்தது. (பூட்டு அப்போதும் உடையவில்லை.)

டாக்டரம்மா ஓடி வந்து தொப்புள்கொடியை அறுத்து, தாயையும் பிள்ளையையும் பார்த்து, உள்ளே படுக்க வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். அறை விழப்போகிறது என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டே நின்றேன்.

"உங்கிட்ட இப்பப் பேசினா தப்பாப் பேசிருவேன். பத்து நிமிஷம் கழிச்சி வாரேன்," என்று பின்னறைக்குப் போனவர், வாசலில் நின்று திரும்பினார். "பூட்டிராதட்டி."

முகம் கழுவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே என்னதான் செய்வீர்கள் என்று அன்றுதான் கேட்டேன்.

"அழுவேன். அழுது முடிச்சிட்டு மூச்சை எண்ணுவேன். போனவளுக்கு அழுத கையோட வந்தவளைத் தொட்டா, கை நடுங்கும்லா?"

வேறு ஒரு வார்த்தை திட்டவில்லை. 'அம்மா உள்ள இருக்காவ, கொஞ்சம் இருங்க' என்று என்னைப் பத்து தடவை உரக்கச் சொல்லிப் பழக வைத்தார், அவ்வளவே.

கல்யாணமாகி வந்த வீட்டில் இந்தக் கதை எப்படியோ பரவிவிட்டது. இன்றும் யாராவது முகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போனால், போகும்போதே என்னைப் பார்த்து, "ஆச்சி, பூட்டிராதீங்க!" என்பார்கள். வீடே சிரிக்கும். ஆனால் பத்து நிமிஷம் வரை யாரும் அந்தக் கதவைத் தட்டுவதில்லை.