சொந்த வீட்டில் விருந்தாளி

மொன்றியல் தீவு முழுவதும் தேடினாலும், சொந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு யாராவது வந்து திறக்கும்வரை பனியில் நிற்கும் ஆண்மகன் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சாவி இல்லையா என்று கேட்காதீர்கள். சாவி கோட்டுப் பைக்குள்தான் இருக்கும். பெண்சாதியின் வீட்டை ஒரு மரியாதையுள்ள மனிதன் தானாகத் திறந்துகொண்டு போகலாமா என்று அவர் உங்களையே திருப்பிக் கேட்பார். பியர்பொன்ட்ஸில் எல்லோரும் அவரை விருந்தாளி அண்ணை என்றுதான் சொல்வார்கள். சொந்தப் பெயர் என்னவென்று அவருடைய மனைவி பவளக்காவுக்குக்கூட மறந்துபோயிருக்கலாம்.

இந்த வியாதி பிறவியில் வந்ததல்ல. இளமையில் ஓர் ஏஜெண்டு அவரை அவுஸ்திரேலியாவில் இறக்குவதாகச் சொல்லி வள்ளத்தில் ஏற்றினான். வள்ளத்தின் இயந்திரத்துக்கு அந்த ஒப்பந்தம் பற்றி ஒருவரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அது நடுக்கடலில் நின்று, பிறகு சுமாத்திராவின் மேற்குக் கரையில், மினாங்கபாவு மக்கள் வாழும் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் ஒதுங்கியது. கனடா கூப்பிடும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் அண்ணை அங்கேதான் இருந்தார். நீங்களும் நானும் ஓர் ஊரில் இரண்டு வருடம் இருந்தால், எந்தக் கடையில் அரிசி மலிவு என்று தெரிந்துகொண்டு வருவோம். இவர் அந்த ஊரின் சட்டதிட்டம் முழுவதையும் தலையில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இறக்கினார். கனடியச் சுங்க அதிகாரிகள் எப்படி விட்டார்களோ தெரியவில்லை.

அந்தச் சட்டம் இதுதான். வீடும் நிலமும் பெண்களுக்கு. தாயிடமிருந்து மகளுக்குப் போகும். கணவன் என்பவன் அந்த வீட்டுக்கு வந்த மரியாதையான விருந்தாளி. அவனுடைய அதிகாரமெல்லாம் அவன் சகோதரியின் வீட்டில். சகோதரியின் பிள்ளைகளுக்குப் பொறுப்பு அவன்தான். தாய்மாமனை அங்கே மமாக் என்பார்களாம்.

நானும் அண்ணையும் புவாண்ட்-கிளேரில் ஒரே களஞ்சியசாலையில் வேலை. தினமும் என் காரில்தான் வருவார். ஒருநாள் வாய் சும்மா இருக்காமல், எங்கள் யாழ்ப்பாணத்திலும் வீடு பெண்ணுக்குத்தானே சீதனமாகப் போகிறது என்று சொல்லிவிட்டேன்.

“அதைத்தானே சொல்லுறன்! வீட்டை மட்டும் பொம்பிளையின்ரை பேரிலை எழுதுறம். அதிகாரத்தை மனுசன் எல்லோ வைச்சிருக்கிறான். அங்கை உந்தக் கள்ள வேலை இல்லை.”

அந்தக் கள்ள வேலையைச் செய்யாத ஒரே யாழ்ப்பாணத்தவர் தான் என்பதை நிரூபிக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. தம் வீட்டில் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கமாட்டார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, “ஒரு கிளாஸ் தண்ணி கிடைக்குமோ?” என்பார்.

“பைப்பைத் திறந்து குடியுங்கோவன்! கையிலை என்ன வாதமே?” என்று பவளக்கா குசினிக்குள் இருந்து கத்துவார்.

“விருந்தாளியோடை உப்பிடியே கதைக்கிறது?” என்று அண்ணை மனம் நொந்து என்னைப் பார்ப்பார். விடிந்த பிறகு கணவன் என்பவன் மனைவியின் வீட்டில் மினக்கெடக்கூடாது என்பதும் அந்த ஊர் வழக்கமாம். அதனால் வேலை ஒன்பது மணிக்கு என்றாலும் இவர் விடியற்காலையே என் கார் பக்கத்தில் வந்து நிற்பார். என் பிள்ளைகள் சிறுவர்களாக இருந்த காலத்தில் அவரைக் காவற்காரர் என்று நினைத்திருந்தார்கள்.

அந்தக் கிராமத்தின் பெயரை மட்டும் சொல்லமாட்டார். சொன்னால் சனம் படையெடுத்து வந்து ஊரைக் கெடுத்துவிடுமாம். பெப்ரவரியில் ஒரு கிழமை லீவு கிடைத்தால் மெக்சிகோ கடற்கரையில் கையில் ஹோட்டல் பட்டி கட்டிக்கொண்டு மூன்று வேளையும் சாப்பிடுகிற எங்கள் சனம், மூன்று விமானம் மாறி அங்கே படையெடுக்குமாம். எங்கள் வேலைத்தளத்துக் கணினிப் பகுதிக்குச் சென்னையிலிருந்து புதிதாக வந்த தம்பி ஒருவன் மட்டும் ஆர்வமாகத் தேடிப் பார்த்துவிட்டு வந்தான்.

“சார், மினாங்கபாவு வீடெல்லாம் செமையா இருக்கு சார். கூரை ரெண்டு பக்கமும் மாட்டுக் கொம்பு மாதிரி வளைஞ்சு நிக்குது!”

அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. “அது மலையிலை இருக்கிற ஆக்கள். கரையிலை கொம்புமில்லை வாலுமில்லை. எங்களுக்குத் தகரம். உப்புக் காத்துக்கு எல்லாம் துருப்பிடிச்சுச் சிவப்பா இருக்கும். அதின்ரை வடிவு உமக்கு விளங்காது.” துருப்பிடித்த தகரத்துக்காக ஒரு மனிதன் மத்தியானச் சாப்பாட்டை விட்டு எழும்பிப் போனதை நான் அன்றுதான் கண்டேன்.

இன்னொரு வழக்கம், கரைவலை பற்றியது. அந்த ஊரில் வலைக் கயிற்றைக் கரையில் நின்று ஆணும் பெண்ணுமாக இழுப்பார்கள். கயிற்றில் கை வைத்த எவருக்கும் மீனில் பங்கு உண்டு. ஒரு தடவை என் கார் பனியில் புதைந்தபோது அண்ணை வந்து பின்பக்கம் இரண்டு விரலை வைத்தார். அடுத்த நாள் வெறும் சட்டியோடு எங்கள் வாசலில் நின்றார். என் மனைவி அன்று வைத்த அறக்குளா மீன் குழம்பில் பாதி அந்தச் சட்டிக்குள் போனது. ஒரு வழக்கமாவது அவருக்கு நட்டமாக இருந்து நான் பார்த்ததில்லை.

வார நாட்களில் இப்படி விருந்தாளியாக இருப்பவர், சனிக்கிழமை என்றால் பேருந்தும் மெட்ரோவும் மாறி, ஆற்றைக் கடந்து, புரோசார்ட்டில் இருக்கும் தங்கை வசந்தி வீட்டுக்குப் போய்ச் சக்கரவர்த்தியாகிவிடுவார். அங்கே கதவைத் தட்டுவதில்லை. நேரே உள்ளே போய்ச் சோபாவைத் தள்ளிப் போடுவார், புல்லு வெட்டுவார், தங்கையின் மகள் மிதுலாவின் பள்ளிக்கூட அறிக்கையை மூக்குக்கண்ணாடி போட்டு வாசிப்பார். அது பிரெஞ்சில் இருக்கும். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாலும் வாசித்து முடித்துக் கண்டிப்பார். ஒருமுறை சீனக் கடையில் மட்டி வாங்கிவந்து, அந்தக் கரையோரத்து ரெண்டாங் என்று தேங்காய்ப்பாலில் மணிக்கணக்காக வற்றவைத்தார். புகை அலாரம் அடித்து, தீயணைப்பு வண்டி வந்தது. வந்தவர்களில் ஒருவருக்கு ஒரு பிளேட்டும் கொடுத்தார்.

வசந்தியின் கணவர் தேவன் பொறுமைசாலி. வருடக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மிதுலா வளர்ந்து, லவாலில் இருக்கும் எத்தியென் என்ற பிரெஞ்சுக்காரப் பொடியனைக் கலியாணம் செய்யப்போகிறேன் என்றபோதுதான் பல் விட்டுப்போயிற்று.

கேள்வி, மாப்பிள்ளையை யார் போய் அழைத்துவருவது என்பது. எங்கள் முறைப்படி பெண்ணின் சகோதரன் தோழனாகப் போவான். மிதுலாவுக்குச் சகோதரன் இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் தன் அண்ணன் மகன் போகட்டும் என்றார் தேவன். மாப்பிள்ளையைப் பெண் வீட்டார் போய்க் கூட்டிவராமல் அந்தக் கடற்கரையில் கலியாணமே இல்லை, வெற்றிலைத் தட்டத்தோடு போய் முறையாகப் பேசி அழைக்கவேண்டியது தாய்மாமன்தான் என்றார் அண்ணை. நானும் அன்று அங்கே இருந்தேன். சாப்பாடு என்று சொன்னதால் போனேன்.

“இது என்ரை வீடு. என்ரை மகள்,” என்றார் தேவன்.

“வீடு வசந்தியின்ரை. மகளும் வசந்தியின்ரை. நீர் விருந்தாளி.”

தேவன் எழும்பிவிட்டார். “சரி, நீர் ஆர்? கூடப் பிறந்தனீரோ? ஒரு வள்ளத்திலை வந்தனியள். அவ்வளவுதானே!”

சோற்றில் கை வைத்தபடி நான் உறைந்துபோனேன். எனக்கு அது புதுச் செய்தி. வசந்தி அவருக்குச் சொந்தத் தங்கை இல்லை. அந்த வள்ளத்தில் வந்த இன்னோர் ஆள், அவ்வளவுதான். அண்ணை வாதாடுவார் என்று பார்த்தேன். அவர் கையைக் கழுவிவிட்டு, “வாறன் பிள்ளை,” என்று வசந்தியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அவர் எங்கும் போகவில்லை. காரிலும் பேச்சில்லை. இத்தனை காலமும் வாய் மூடமாட்டாரா என்று ஏங்கிய எனக்கு அந்த அமைதி பிடிக்கவேயில்லை. பவளக்கா ஒருநாள் வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

“தம்பி, மனுசன் ஒழுங்காச் சாப்பிடுறேல்லை. விருந்தாளி எண்டாலும் சாப்பிட வேணுமெல்லோ? அவள் பிள்ளையின்ரை கலியாணத்திலை ஒரு மூலையிலை இருக்கச் சொன்னாலும் இருந்திடுவார். ஆனா ‘நீ ஆர்’ எண்டு கேட்டுப்போட்டினம். அதுக்கு அவரிட்டை மறுமொழி இல்லை.”

மறுமொழி மிதுலாவிடம் இருந்தது. அவள் எனக்குத் தொலைபேசி எடுத்து, ஞாயிறு விடிய மாமாவை எப்படியாவது கூட்டிவரச் சொன்னாள். “வசந்தி வீட்டுத் தண்ணிக் குழாய் வெடிச்சிட்டுதாம்,” என்று அண்ணையிடம் ஒரு பொய் சொன்னேன். காற்சட்டைக்கு மேலே சாரமும் கையில் குறடுமாக ஓடிவந்து காரில் ஏறினார்.

அங்கே குழாய் நன்றாகத்தான் இருந்தது. வரவேற்பறையில் பெரிய தொலைக்காட்சித் திரை முழுவதும் கடல். சுமாத்திராவில் மாலை வெயில் இருக்கும்போதே அந்தக் கிராமத்தைக் காட்டவேண்டும் என்று, தாயிடம் விசாரித்துத் தேடிப் பிடித்து, விடியவே வீடியோ அழைப்பு எடுத்திருந்தாள் மிதுலா. மணலில் இரண்டு வரிசையாகச் சனம் நின்று கயிறு இழுத்தது. பின்னால் தென்னைகளுக்கு இடையில் தகரக் கூரைகள். சிவப்பாகத்தான் இருந்தன. மாலை வெயிலில் அவை வடிவாகவும் இருந்தன, சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொலைபேசியைப் பிடித்திருந்த பெண் தன் பக்கம் திருப்பினார். தலையில் முக்காடு, வாய் நிறையச் சிரிப்பு. அவர் பெயர் ரோஸ். வசந்தியும் அண்ணையும் அவரை ‘உனி’ என்றார்கள். அந்த ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

அதன் பிறகு வசந்தி பேசத் தொடங்கினார். முதலில் தட்டித் தடுமாறி, பிறகு கடகடவென்று, ஒருவருக்கும் விளங்காத ஒரு மொழியில். தேவன் வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் மனைவிக்கு அப்படியொரு மொழி தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை.

“உனி என்ன சொல்லுறா?” என்றார் தேவன் மெதுவாக.

வசந்தி திரும்பினார். “நாங்கள் போய் இறங்கின நாளைச் சொல்லுறா. கலியாணம் கட்டாத பெடியனும் பெட்டையும் ஒரு வள்ளத்திலை வந்திருக்கினம், என்ன முறை எண்டு ஊர்த் தலைவர் கேட்டவர். எங்களுக்குப் பாசை தெரியாது. உனிதான் முன்னுக்கு வந்து, ‘இவன் இவளின்ரை அண்ணன், ரெண்டு பேரும் என்ரை சகோதரங்கள்’ எண்டு சொன்னவ. அங்கை ஆம்பிளைச் சகோதரங்கள் வீட்டுக்குள்ளை படுக்கிறேல்லை. அண்டையிலை இருந்து அண்ணை வலைக் கொட்டிலிலைதான் படுத்தவர். மழைக்கும் அங்கைதான். ரெண்டு வருசத்துக்கு மேலை. ஒருத்தரும் என்னைப் பற்றி ஒரு கதை கதைக்கேல்லை. அதுக்குப் பிறகுதான் நான் இஞ்சை வந்து உங்களைக் கட்டினது.”

அண்ணை கையில் இருந்த குறட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் உனி ரோஸ் தேவனைச் சுட்டிக்காட்டி ஏதோ சொல்ல, அங்கே கூடியிருந்த சனம் முழுவதும் சிரித்தது.

“நீங்கள் இந்த வீட்டு விருந்தாளியாம், நல்லாச் சாப்பிடட்டாம்,” என்றாள் மிதுலா, தாயிடம் கேட்டு. “மாப்பிள்ளை அழைப்பை மமாக் பாத்துக்கொள்ளுவாராம்.”

தேவன் அண்ணையின் பக்கம் திரும்பினார். “அங்கை போய்ப் பேசுற பேச்சு எவ்வளவு நேரம் போகும்?”

“சுருக்கினால் முக்கால் மணித்தியாலம்.”

“பத்து நிமிசம்.”

“இருபது.”

“பன்ரெண்டு. நானும் வருவன்.”

கலியாணத்தன்று காலை லவாலுக்குக் காரை ஓட்டியது நான்தான். பட்டு வேட்டி, சால்வை, மடியில் வெற்றிலைத் தட்டம் என்று அண்ணை பின்னால் இருந்தார். தேவன் என் பக்கத்தில். எத்தியெனின் தகப்பன் பெரிய மீசைக்காரர். “பொன்ஜூர்! பொன்ஜூர்!” என்று கதவைத் திறந்தார். அண்ணை தட்டத்தை ஏந்தியபடி படியிலேயே நின்று பேச்சைத் தொடங்கினார். கடல், மலை, இரண்டு குடும்பத்தின் பெருமை என்று அந்த ஊர் முறைப்படி, தூய தமிழில். மீசைக்காரர் தாமும் பதில் பேசவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, நடுவில் புகுந்து பிரெஞ்சில் ஒரு சொற்பொழிவு செய்தார். ஒருவர் சொன்னது மற்றவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இருவருக்கும் பரம திருப்தி.

பிறகு மீசைக்காரர் தேவனிடம் திரும்பி, இவர் யார், பெண்ணுக்கு என்ன முறை என்று கேட்டார்.

தேவன் பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார். “இவர் என் மனைவியின் அண்ணன். எங்கள் வீட்டில் மூத்தவர்.”

மொன்றியலில் இத்தனை வருடம் இருந்தும் அண்ணைக்குத் தெரிந்த பிரெஞ்சு மிகக் கொஞ்சம். ஆனால் ‘ஃப்ரேர்’ என்றால் சகோதரன் என்பது அவருக்குத் தெரியும். பேச்சைத் தொடர வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. மறுபடி முயன்றார், கண்ணில் இருந்து தண்ணீர்தான் வந்தது. தட்டம் சரியத் தொடங்கியது. தேவன் ஒரு பக்கம் தட்டத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

மிச்சப் பேச்சை நான் சொல்லி முடித்தேன். ஒரு மாதமாகப் புவாண்ட்-கிளேர் போகும் வழியெல்லாம் அவர் ஒத்திகை பார்த்ததைக் கேட்டுக் கேட்டு எனக்கு அது பாடமாகியிருந்தது. அண்ணைக்காக ஒரு சொல்கூட விடாமல் சொன்னேன்.